அங்குலத்தை மீட்டராக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டறைக்குப் புதிதாக வந்த இருவர் அளவு மாற்றுவதைப் போன வாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரம்பத்தில் நான் செய்த கூத்து அத்தனையும் அப்படியே நடந்தது. பெருக்க வேண்டிய இடத்தில் வகுப்பதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. 80 அங்குலக் கதவுக்கு 3149 மீட்டர் என்று விடை வந்தால் யாருக்கும் உறைக்கும். சரியான விடை மாதிரியே வந்து நிற்பதுதான் காசைத் தின்னும்.

அடிக்குப் பின்னால் வைக்கும் புள்ளி

ஓர் அலமாரிக்கு 7 அடி 10 அங்குலத்தில் ஆறு பலகை வேண்டும். தாளில் 7.10 என்று எழுதி வைத்திருந்தேன். மறுநாள் அதைப் பார்த்து, கால்குலேட்டரில் 7.10-ஐ 0.3048-ஆல் பெருக்கினேன். 2.164 மீட்டர். ஆறையும் அறுத்து முடித்துவிட்டேன். தூக்கி நிறுத்தியபோதுதான் தெரிந்தது, மேலே 22 சென்டிமீட்டர் காலி! வேண்டியிருந்தது 94 அங்குலம், அதாவது 2.388 மீட்டர். அறுத்த பலகை வளருமா என்ன?

அடிக்கு 12 அங்குலம். கால்குலேட்டருக்கோ புள்ளிக்குப் பின்னால் பத்தில் ஒரு பங்கு, 7.10-உம் 7.1-உம் அதற்கு ஒன்றுதான். இதில் விஷமம் என்னவென்றால், 7 அடி 1 அங்குலத்தை 7.1 என்று போட்டால் பிழை வெறும் 5 மில்லிமீட்டர். யாரும் கவனிக்க மாட்டார்கள். 9 அங்குலம் வரை பலகை கொஞ்சம் நீளமாகத்தான் வரும், இழைத்துச் சமாளித்துவிடலாம். அப்படிச் சமாளித்துச் சமாளித்தே பழக்கம் ஊறிவிடுகிறது. 10, 11 வரும் அன்று மரம் போய்விடும்.

ஆள் உயரத்தை 5.8 என்று எழுதுவதைப் பார்த்தாலும் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். 5 அடி 8 அங்குலம் 1.727 மீட்டர். 5.8 அடி 1.768 மீட்டர். ஒரு புள்ளியில் நான்கு சென்டிமீட்டர் வளர்ந்துவிடுகிறார்கள்!

முதலில் எல்லாவற்றையும் அங்குலமாக்குங்கள்: ஏழு பன்னிரண்டு 84, அதோடு 10, மொத்தம் 94. அப்புறம் 0.0254-ஆல் பெருக்குங்கள். தாளில் "7 அடி 10" என்றே எழுதுங்கள், புள்ளியே வேண்டாம்.

2.5 போதும் என்பது

ஓர் அங்குலத்துக்கு 2.5 சென்டிமீட்டர் போதாது. 120 அங்குலத்தில் 48 மில்லிமீட்டர் காணாமல் போகும். 2.54 சென்டிமீட்டர் என்பது தோராயம் இல்லை. 1959-இல் அமெரிக்கா, பிரிட்டன் உட்பட ஆறு நாடுகள் சேர்ந்து அப்படியே வரையறுத்தது. மீட்டருக்கு 39.37 அங்குலம் என்கிறோமே, அதில்தான் கடைசி இலக்கங்கள் வெட்டுப்பட்டிருக்கின்றன.

முன்கூட்டியே முழுமையாக்குவது

ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், 3.175 மில்லிமீட்டர். அதை 3 என்று வைத்துக்கொண்டு இருபது இடைவெளிகளைக் கூட்டினால் 3.5 மில்லிமீட்டர் இடிக்கும். கூட்டி, பெருக்கி, கடைசியில் முழுமையாக்குங்கள்.

சதுர அளவு

ஒரு சதுர மீட்டர் சுமார் 1550 சதுர அங்குலம். 39 இல்லை.

குழாய்

மாற்றவே மாற்றாதீர்கள். அரை இஞ்ச் இரும்புக் குழாயின் வெளிவிட்டம் 21.3 மில்லிமீட்டர். அரை இஞ்ச் என்பது அதன் பெயர். அளவு வேண்டுமென்றால் காலிப்பரை வையுங்கள்.