ஊர் திரும்பும்போது மதுவும் சிகரெட்டும்: கட்டுநாயக்க விமான நிலையத்தில் அறிந்திருக்க வேண்டியவை

கட்டாரிலும் டுபாயிலும் வேலை செய்துவிட்டு மட்டக்களப்புக்கோ கல்முனைக்கோ விடுமுறையில் திரும்பும் பிள்ளைகளிடம், வரும்போது இரண்டு கார்ட்டன் சிகரெட் வாங்கி வரும்படி நண்பர்கள் கேட்பது வழக்கமாகிவிட்டது. அந்த வேண்டுகோளை மறுத்துவிடுங்கள். இலங்கைச் சுங்கம் பயணிகளுக்குச் சிகரெட்டில் தீர்வையற்ற சலுகை எதையும் வழங்குவதில்லை. இந்தியா 100 சிகரெட்டுகளையும் சுவிட்சர்லாந்து 250 சிகரெட்டுகளையும் அனுமதிப்பதால், இங்கும் ஏதோ ஓர் அளவு இருக்கும் என்று எண்ணிப் பலர் ஏமாறுகின்றனர். புறப்படும் விமான நிலையத்தின் தீர்வையற்ற கடையில் தாராளமாக விற்கிறார்கள் என்பது, இறங்கும் நாட்டின் சுங்கம் அதை ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. இலத்திரனியல் சிகரெட்டையும் கொண்டுவர வேண்டாம், அதன் இறக்குமதி 2016 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது.

மதுவுக்குச் சலுகை உண்டு. விஸ்கி, பிராந்தி போன்றவை ஒருவருக்கு 2.5 லீற்றர், வைனுக்குத் தனி அளவு இருக்கிறது. போத்தல்களின் எண்ணிக்கையை விட்டு, லீற்றரைக் கூட்டிப் பாருங்கள். 750 மில்லிலீற்றர் போத்தல்கள் மூன்று சேர்ந்தால் 2.25 லீற்றர், அது எல்லைக்குள் அடங்கும். ஒரு லீற்றர் போத்தல்கள் மூன்று என்றால் அரை லீற்றர் மிஞ்சிவிடும். வெளிநாட்டில் வாங்கியதையும், வந்திறங்கிய பின் கட்டுநாயக்கத் தீர்வையற்ற கடையில் வாங்குவதையும் சேர்த்தே கணக்கிடுங்கள். கூட வரும் சிறு பிள்ளைகளின் பேரில் அளவைக் கூட்டிக்கொள்ள நினைக்காதீர்கள்.

பொதி கட்டும்போது விமானப் பாதுகாப்பு விதியையும் பார்க்க வேண்டும். நூற்றுக்கு 70 வீதத்துக்கு மேல் மதுசாரம் உள்ள பானத்தை விமானத்தில் எடுத்துச் செல்லவே முடியாது. கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட திரவம் அனுமதிக்கப்படாததால், தீர்வையற்ற கடையில் வாங்கிய போத்தலை அவர்கள் முத்திரையிட்டுத் தரும் பையிலேயே பற்றுச்சீட்டுடன் வைத்திருங்கள். இடையில் இன்னொரு விமானம் மாறுவோர் அந்தப் பையைத் திறந்தால், அடுத்த சோதனையில் போத்தலை இழக்க நேரிடும்.

அளவு மிஞ்சியிருந்தால் பச்சை வழியால் (அறிவிக்க எதுவும் இல்லாதோருக்கானது) நடந்துவிடாமல் சிவப்பு வழிக்கு (பொருளை அறிவிப்போருக்கானது) சென்று, கேட்பதற்கு முன்பே நீங்களே சொல்லுங்கள். மறைத்துப் பிடிபட்டால், 1869ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பொருள் பறிமுதலாவதுடன், அதன் பெறுமதியின் மூன்று மடங்கு வரை தண்டமும் விழலாம். வெயிலில் நின்று உழைத்த மாதச் சம்பளம் ஒரு கார்ட்டனுக்காகச் சுங்க மேசையில் போவதை நினைக்கவே மனம் பதைக்கிறது.

விமான நிலையத்தில் அறிமுகமாகும் ஒருவர், தம் பொதியில் எடை கூடிவிட்டது என்று சொல்லி ஒரு பையைத் தந்தால், அவர் நம் ஊர்க்காரராகவே இருந்தாலும் வாங்காதீர்கள். உங்கள் கையில் இருக்கும் பைக்குச் சுங்கத்திடம் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.