ஏற்காட்டில் ஒரு நாள் மலைச் சைக்கிள்: தூரத்தை விட ஏற்றத்தைப் பாருங்கள்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்தே ஏறிவிட்டு, அதே நாளில் மேலே உள்ள மண் பாதைகளையும் பார்த்துவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். ஏறி முடிக்கும்போதே கால் தளர்ந்துவிடும். ஒரு நாள்தான் இருக்கிறதென்றால் சைக்கிளை வண்டியில் ஏற்றி மேலே கொண்டுபோய், காபித் தோட்டங்களைச் சுற்றிப் போகும் 32 கிலோமீட்டர் லூப் ரோட்டில் விடிந்ததும் கிளம்புவதுதான் என்னைக் கேட்டால் சரியான வழி. சமவெளியில் அந்தத் தூரம் ஒன்றுமில்லை, ஆனால் இங்கே ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும், அதனால் அரை நாளை முழுசாக ஒதுக்குங்கள்.

தார் ரோட்டுக்கு டயரில் 40 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்று வைத்திருந்தால் மண் பாதைக்கு 30 வரை குறைக்கலாம், பிடிப்பு நன்றாகக் கிடைக்கும். இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வராதீர்கள், சூடேறிப் பிடிப்பு குறையும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிடுங்கள். பிரேக் கட்டையைக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுவது ரொம்ப முக்கியம். அப்புறம் ஒரு டியூப், பம்ப், செயின் அறுந்தால் இணைக்க ஒரு செயின் லிங்க், இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துக்குள் போகும் பாதைகள் தனியாருடையவை, கேட்டுவிட்டு நுழையுங்கள். காட்டெருமை நின்றால் மணி அடிக்காமல் தள்ளியே நில்லுங்கள், அதுவாகப் போய்விடும். மே மாதக் கோடை விழா நாட்களில் சாலை முழுக்கக் கார்கள்தான், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போவது நல்லது.