எழ மறுக்கும் ஹெட்லைட்: மோட்டார் வாங்க ஓடுவதற்கு முன்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் புதிதாக வாங்கியவர்கள், படுத்து எழும் ஹெட்லைட்டைத் தாங்களே சரிசெய்ய இறங்கும்போது, ஒருகாலத்தில் நான் அடித்த அதே கூத்தை அடிக்கிறார்கள். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதே என்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்.

ஃபியூஸைப் பிடுங்காமல் கையை விடுவது

விளக்கு திடீரென்று அசைந்தால் விரல் நசுங்கும். பத்து விரலும் வேண்டும் என்றால் பிடுங்கிவிடுங்கள்.

சத்தம் வந்தும் மோட்டாரை மாற்றுவது

என்னுடையது சி5 கார்வெட். 1997 முதல் 2004 வரை வந்த மாடல். எழும் ஹெட்லைட் வைத்த கடைசிக் கார்வெட். ஒருநாள் ஸ்விட்சைப் போட்டால் வலது விளக்கு எழுந்தது. இடது விளக்கு சில நொடி கடகடவென்று அரைத்துவிட்டு அப்படியே படுத்திருந்தது. மோட்டார் போச்சு என்று நானே தீர்ப்பு எழுதி, முழு மோட்டாரையும் புதிதாக வாங்கி மாட்டினேன். கொஞ்ச காலம் ஒழுங்காக வேலை செய்தது. அப்புறம் அதே கடகட.

சத்தம் வந்தால் மோட்டாருக்கு உயிர் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அது எனக்கு உறைக்கவே இல்லை. மோட்டாரின் கூட்டுக்குள் இருப்பது பிளாஸ்டிக் கியர். மோட்டார் தண்டில் உள்ள வார்ம், அதாவது திருகு மாதிரி மரை வெட்டிய கியர், அதைச் சுற்றுகிறது. விளக்கு எழுந்து முட்டி நிற்கும்போதும், இறங்கி முட்டும்போதும், அந்த உதை கியரின் அதே சில பற்கள் மேல்தான் விழுகிறது. வருடக்கணக்கில் அடி வாங்கிய பற்கள் மழுங்கிவிட, மோட்டார் வெறுமனே சுற்றுகிறது. இரண்டாவது தடவை கூட்டைத் திறந்தபோதுதான் பார்த்தேன், காசைக் கொட்டி வாங்கிய புது மோட்டாருக்குள்ளும் அதே பிளாஸ்டிக் கியர்! இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. பித்தளைக் கியர் தனியாகவே கிடைக்கிறது, மோட்டாரை விட மிக மலிவாக. அவசரத்துக்குப் பழைய கியரையே அரைச்சுற்று திருப்பி, தேயாத பற்கள் வார்மில் பிடிக்கும்படி மாட்டினாலும் கொஞ்ச நாள் ஓடும்.

சத்தமே இல்லை என்றால் கதை வேறு. ஃபியூஸ், ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் ஸ்விட்ச்), கனெக்டர், எர்த் (வண்டி பாடியோடு சேரும் நெகட்டிவ் இணைப்பு) எல்லாம் பார்த்த பிறகுதான் மோட்டார் மேல் சந்தேகப்பட வேண்டும்.

விளக்கைப் பிடித்து இழுப்பது

வேண்டாம். மோட்டாரில் கையால் திருகி விளக்கை எழுப்பும் குமிழ் இருக்கிறது. முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரிலும் உண்டு.

மங்கலாக எரிகிறது என்று 100 வாட் பல்பு போடுவது

12 வோல்ட்டில் 60 வாட் பல்பு இழுப்பது 5 ஆம்பியர். 100 வாட் பல்பு 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இரண்டு பக்கமும் சேர்த்தால் கிட்டத்தட்ட 17. ரிலே இல்லாமல் ஸ்விட்ச் வழியாகவே கரண்ட் போகும் பழைய வண்டியில் ஸ்விட்சும் கனெக்டரும் உருகிவிடும். முதலில் விளக்கை எரியவிட்டு, பல்பின் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். அரை வோல்ட் காட்டினாலே எர்த் சரியில்லை. துருவைச் சுரண்டி இறுக்கினால், பழைய பல்பே பளிச்சென்று எரியக்கூடும்.

தப்பான ஸ்க்ரூவைத் திருகுவது

சீல்டு பீம் விளக்கில் (பல்பும் கண்ணாடியும் ஒரே மூடிய துண்டாக வருவது) வளையத்தைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களை மட்டும் கழற்ற வேண்டும். அதன் பக்கத்திலேயே இருப்பது ஒளியின் திசையை மாற்றும் ஸ்க்ரூ. அதைச் சுற்றிவிட்டு, ராத்திரியில் மரக்கிளைக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டு போகிறவர்கள் நிறைய. எதிலும் கை வைப்பதற்கு முன் சமதரையில், சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி, ஒளி விழும் விளிம்பில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். சக்கரம் நின்ற இடத்தையும் தரையில் குறித்துவிடுங்கள். நான் அதை மறந்து, சுவரில் ஒட்டிய டேப்பை வைத்துக்கொண்டு முழித்திருக்கிறேன்.