தண்ணீர் லாரியும் ஏழு குடங்களும்: முதல் மிக்ஸ்ட் மீடியா ஓவியம் செய்யும் முறை

பெயிண்ட், காகிதம், அட்டை, துணி, நூல் எனப் பல பொருள்களை ஒரே படத்தில் சேர்த்துச் செய்வதுதான் மிக்ஸ்ட் மீடியா. புதிதாகத் தொடங்குகிறவர்களை ஈர்ப்பதே அந்தச் சேர்க்கைதான். படம் கெட்டுப்போவதும் பெரும்பாலும் அதனால்தான். வீட்டில் கிடந்த ஜரிகை, பொத்தான், மணி, கண்ணாடித் துண்டு எல்லாம் பலகையில் ஏறிவிடும். ஒவ்வொன்றும் தனித்தனியே அழகாக இருக்கும், ஆனால் சேர்த்துப் பார்த்தால் கண் எங்கே நிற்பதென்று தெரியாமல் அலையும். சமநிலை, முரண், தாளம், மையம், ஒருமை என்று ஓவியர்கள் சொல்லும் வடிவமைப்புக் கோட்பாடுகள் இந்த இடத்தில்தான் கைகொடுக்கின்றன. பசையைத் தொடும் முன் நம்மை நாமே கேட்டுக்கொள்ளும் கேள்விகளாக அவற்றை வைத்துக்கொண்டால் போதும்.

சென்னையில் எல்லோரும் பார்த்த ஒரு காட்சியையே எடுத்துக்கொள்வோம்: தெருமுனையில் தண்ணீர் லாரி, அதன் முன்னால் வரிசையாகப் பிளாஸ்டிக் குடங்கள்.

தேவையானவை

12க்கு 16 அங்குல எம்.டி.எஃப் பலகை (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, பிளைவுட் கடையில் வெட்டித் தருவார்கள்), ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு), ஃபெவிகால், அக்ரிலிக் மீடியம் (வண்ணத்தை மெல்லியதாக்கக் கலக்கும் நிறமற்ற கலவை), மேட் அக்ரிலிக் வார்னிஷ், அக்ரிலிக் வண்ணத்தில் வெள்ளை, கறுப்பு, நீலம், ஆரஞ்சு மட்டும். காகிதம் வாங்கப் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போனால் ஆசை கட்டுக்கடங்காது. முதல் படத்துக்கு அங்கே போக வேண்டாம் என்பதே என் யோசனை.

ஒட்டுவதற்கு மூன்றே பொருள்கள்: தமிழ் நாளிதழின் ஜெராக்ஸ், கூரியர் பெட்டியின் நெளி அட்டை, சணல் கயிறு. நாளிதழையே ஒட்டலாமே என்று தோன்றும். அந்தக் காகிதத்தில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சம் பட்டுச் சீக்கிரம் பழுப்பேறிவிடும், அதனால் ஜெராக்ஸ்தான் நல்லது. இங்க்ஜெட் பிரிண்ட் ஈரம் பட்டால் கசியும், ஜெராக்ஸ் கடையின் டோனர் (மைத்தூள்) கசியாது. மைதாப் பசையும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சை பிடிக்கும், பூச்சியும் வரும்.

1. பலகையைத் தயார் செய்தல்

முன்புறம், பின்புறம், நான்கு ஓரங்கள் எல்லாவற்றிலும் ஜெஸ்ஸோ இரண்டு கோட் அடியுங்கள். ஒருபுறம் மட்டும் அடித்தால் நம் ஊர் ஈரக்காற்றில் பலகை வளையும். எம்.டி.எஃப் ஓரத்தில் தண்ணீர் புகுந்தால் உப்பிவிடும்.

2. சின்னச் சின்ன வரைவுகள்

தீப்பெட்டி அளவில் நான்கு கட்டங்கள் போட்டு, காட்சியைப் பென்சிலில் நான்கு விதமாக வரைந்து பாருங்கள். விவரம் எதுவும் வேண்டாம். வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்று சாயல் போதும்.

சமநிலை இங்கேதான் முடிவாகிறது. பெரிய வடிவம், அடர்ந்த நிறம், சொரசொரப்பான பரப்பு இவை மூன்றும் கண்ணுக்குக் கனமாகத் தெரியும். நம் லாரி மூன்றும் சேர்ந்தது. அதை நடுவில் நிறுத்தினால் படம் அசையாமல் உட்கார்ந்துவிடும். இடது மேல்பக்கம் தள்ளிவிட்டு, வலது கீழ்ப்பக்கத்தில் சிறியதாக, ஆனால் பளிச்சென்று ஒன்றை வையுங்கள். அளவில் சின்னதானாலும் பளிச்சென்ற நிறம் பெரிய இருட்டை ஈடுகட்டும். நான்கில் எந்த வரைவு தூரத்திலிருந்தும் தெளிவாகத் தெரிகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

3. எழுத்தால் ஒரு தரை

ஜெராக்ஸைக் கையால் கிழித்து, ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, படத்தின் பின்னணியாகப் பலகை முழுவதும் ஒட்டுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குப் பழைய அட்டையால் தேய்த்தால் காற்றுக்குமிழ் வெளியேறும்.

தமிழ் படிக்கத் தெரிந்தவர் கண், தமிழ் எழுத்தைப் பார்த்தால் படிக்காமல் விடாது. பெரிய தலைப்பு ஒன்று நேராக இருந்தால் லாரியை யாரும் பார்க்க மாட்டார்கள். அதனால் துண்டுகளைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் திருப்பி ஒட்டுங்கள், சின்ன எழுத்தாகவே எடுங்கள். எழுத்தைப் படிப்பதற்கல்லாமல் பார்ப்பதற்காகவே பயன்படுத்தியவர் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர். ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற அவருடைய ஓவிய வரிசையில் எழுத்துகளும் கட்டங்களும் பரப்பாகவே மாறிவிடும். அவர் முன்னின்று 1966இல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது. அங்குள்ள அருங்காட்சியகத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை நிதானமாகச் சுற்றி வாருங்கள்.

ஒட்டியது காய்ந்ததும் வெள்ளையை மெல்லியதாகப் பூசுங்கள். எழுத்து பாதி மறைய வேண்டும்.

4. ஒட்டாமல் அடுக்கிப் பார்த்தல்

இந்தப் படிக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் கொடுங்கள். படம் தேறுவதும் தேறாததும் இங்கேதான்.

நெளி அட்டையின் மேல்தாளை லேசாக நனைத்து உரித்தால் உள்ளேயிருக்கும் வரிகள் வெளிப்படும். அதில் லாரியை வெட்டுங்கள். ஜெராக்ஸ் தாளுக்கு முதலில் நீலத்தில் கறுப்பும் வெள்ளையும் கலந்து பல சாயல்களில் வண்ணம் பூசிக் காயவைத்து, ஆறு குடங்கள் வெட்டிக்கொள்ளுங்கள். ஏழாவது மட்டும் ஆரஞ்சு.

குடங்களை வரிசையாக வைப்பதில்தான் தாளம் பிறக்கிறது. கோலத்துப் புள்ளிகளைப் போல ஒரே அளவு, ஒரே இடைவெளி என்று வைத்தால் அது அலங்காரம் ஆகிவிடும். தெருவில் குடங்கள் அப்படி நிற்பதில்லை. இரண்டு ஒட்டி நிற்கட்டும், அடுத்து ஓர் இடைவெளி, பிறகு நான்கு ஒன்றையொன்று மறைக்கட்டும். முன்னால் இருப்பது பெரிதாக, தள்ளியிருப்பது சிறிதாக. வடிவம் ஒன்றே என்பதால் தாளம் விடுபடாது.

ஆரஞ்சுக் குடம்தான் மையம். வண்ணச் சக்கரத்தில் நீலத்துக்கு எதிரே ஆரஞ்சு இருப்பதால் முரண் தானாக அமைகிறது. அதைக் கொஞ்சம் தனியாக, வலது கீழ்ப்பக்கம் வையுங்கள். ஆரஞ்சு நிறம் வேறெங்கும் அதே பளபளப்பில் வரவே கூடாது.

லாரியிலிருந்து அந்தக் குடத்துக்கு ஒரு டியூப் வேண்டும். அதற்குத்தான் சணல் கயிறு. கண் அதைப் பிடித்துக்கொண்டே குடத்துக்கு இறங்கும். 1912இல் பிகாசோ, நாற்காலிப் பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியை ஓவியத்தில் ஒட்டி, முட்டை வடிவப் படத்தைச் சுற்றிக் கயிற்றையே சட்டமாக வைத்தார். அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் அதில் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் படத்திலும் வேலை இல்லாத பொருளை எடுத்துவிடுங்கள்.

அடுக்கியதை மொபைலில் படம் பிடித்து, கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். லாரியும் குடங்களும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், ஒன்றை அடர்த்தியாக்கியோ வெளிறச் செய்தோ மாற்ற வேண்டும். படத்தைத் தலைகீழாகவும் பாருங்கள். ஒரு பக்கம் சரிந்தாற்போல் தோன்றினால் எதையாவது நகர்த்துங்கள்.

5. ஒட்டுதல்

மெல்லிய தாளுக்குக் கரைத்த ஃபெவிகால், அட்டைக்கும் கயிற்றுக்கும் கெட்டியாக அப்படியே. மேலே பிளாஸ்டிக் தாள் விரித்துப் புத்தகங்களை அடுக்கி ஓர் இரவு விடுங்கள். மழைநாள் என்றால் இன்னும் ஒரு நாள்.

6. எல்லாவற்றையும் ஒன்றாக்குதல்

இப்போதைக்குப் படம் ஒட்டிய துண்டுகளாகத்தான் தெரியும். ஒருமையைக் கொண்டுவர, துளி நீலத்தை நிறைய அக்ரிலிக் மீடியத்தில் கலந்து லாரியின் அடி, குடங்களின் நிழல், தரையின் ஒரு மூலை என மூன்று இடங்களில் மெல்லியதாகப் பூசுங்கள். அழுத்தித் தேய்க்காதீர்கள், ஈரம் அதிகமானால் ஃபெவிகால் இளகும். எழுத்துத் தரையில் கொஞ்சம் இடம் வெறுமையாகவே இருக்கட்டும். அங்கே ஏதாவது சேர்க்கக் கை துறுதுறுக்கும், விட்டுவிடுங்கள்.

நன்றாகக் காய்ந்ததும் மேட் அக்ரிலிக் வார்னிஷ் ஒரு கோட். பளபளக்கும் வார்னிஷ் போட்டால் அட்டையின் சொரசொரப்பும் சணலின் நாரும் மங்கிப்போகும். நேர்வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்.