ஏடிஆர் 72-600 சிஸ்டங்களையும் செயல்முறைகளையும் வீட்டிலிருந்தே படிப்பது எப்படி

ஏடிஆர் 72-600 என்ற இரட்டை இன்ஜின் புரொப்பெல்லர் விமானத்தின் டைப் ரேட்டிங் (அந்த ரக விமானத்தை ஓட்டுவதற்கான தகுதிப் பயிற்சி) வகுப்புக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, தருமபுரியிலோ காவேரிப்பட்டணத்திலோ வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து படிக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சிமுலேட்டர் பக்கத்தில் இல்லை. அதனால் குறை ஒன்றும் வந்துவிடாது. சிம்மில் தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு காரணங்களால்தான் தடுமாறுகிறார்கள். ஒன்று, சிஸ்டத்தைப் பேனல் பேனலாக மனப்பாடம் செய்தது. மற்றொன்று, செயல்முறையைக் கண்ணால் மட்டும் படித்தது. இரண்டையும் வீட்டிலேயே சரிசெய்யலாம்.

முதல் வேலை, கையில் இருக்கும் மேனுவல் உங்கள் கம்பெனியின் இப்போதைய ரிவிஷன்தானா என்று பார்ப்பது. சீனியர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிடிஎஃப் பெரும்பாலும் முந்தைய 500 வரிசைக்கானதாக இருக்கும். இன்ஜினும் ஹைட்ராலிக்கும் கிட்டத்தட்ட ஒன்று போலவே இருந்தாலும், 600-இல் ஐந்து பெரிய திரைகள் கொண்ட காக்பிட். பழைய நோட்டில் படித்த லைட்டைப் புதிய காக்பிட்டில் தேடுவது வீண். லிமிட்டேஷன்களுக்கு அட்டை எழுதி, காலையில் பதினைந்து நிமிடம் ஓட்டினால் போதும். அதிகபட்ச வேகம் 250 நாட், அதிகபட்ச உயரம் 25,000 அடி என்பதெல்லாம் திரும்பத் திரும்பச் சொன்னால் படிந்துவிடும். அதில் அரை நாளைச் செலவழிக்க வேண்டாம்.

நேரத்தைக் கொட்ட வேண்டிய இடம் சிஸ்டம். பெரிய சார்ட் பேப்பரில் விமானத்தை வரைந்து, டிசி மின்சாரத்துக்குச் சிவப்பு, ஏசி வைல்டுக்கு (ஃப்ரீக்வென்சி நிலையாக இல்லாத ஏசி மின்சாரம்) மஞ்சள், இரண்டு ஹைட்ராலிக்குக்கும் அவற்றின் பெயரிலேயே உள்ள நீலம், பச்சை, இன்ஜினிலிருந்து எடுக்கும் ப்ளீடு காற்றுக்குப் பென்சில் என்று கோடு போடுங்கள். பிறகு ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே போங்கள்: இது நின்றால் எதெல்லாம் நிற்கும்?

ஹோட்டல் மோடை எடுத்துக்கொள்வோம். ஏடிஆரில் ஏபியூ (தரையில் மின்சாரமும் காற்றும் தரும் துணை இன்ஜின்) கிடையாது. ஸ்டாண்டில் நிற்கும்போது வலது இன்ஜினை ஓடவிட்டு, அதன் புரொப்பெல்லரை மட்டும் பிரேக்கில் நிறுத்தி வைப்பார்கள். டிசி ஜெனரேட்டர் இன்ஜினின் ஹெச்பி ஸ்பூலோடு (உயர் அழுத்தச் சுழலி) சுற்றுவதால் அது வேலை செய்யும், ப்ளீடு காற்றும் கிடைக்கும். ஏசி வைல்டு ஜெனரேட்டரோ புரொப்பெல்லர் கியர்பாக்ஸில் மாட்டியது. என்பி (புரொப்பெல்லர் சுழல்வேகம்) 66 சதவீதத்தைத் தாண்டினால்தான் அது மின்சாரம் தரும். புரொப்பெல்லர் நின்றிருக்கிறது, ஆகவே ஏசி வைல்டு இல்லை. நீலம், பச்சை இரண்டின் மெயின் பம்பும் ஏசி வைல்டில் ஓடுபவை, அவையும் இல்லை. ஆனால் புரொப்பெல்லர் பிரேக்கைப் போடவும் எடுக்கவும் நீல அழுத்தம் வேண்டுமே, அது எங்கிருந்து வரும்? நீலத்துக்கு மட்டும் ஒரு டிசி துணைப் பம்ப் இருப்பதன் காரணம் இங்கே பிடிபடும். இந்த ஒரு சங்கிலியை நோட்டைப் பார்க்காமல் சொல்ல முடிந்தால், மூன்று அத்தியாயம் ஒன்றாகப் புரிந்த மாதிரி.

அடுத்தது ஐசிங். இறக்கையின் முன் விளிம்பில் காற்றால் உப்பிப் பனியை உடைக்கும் ரப்பர் பூட், புரொப்பெல்லர் பிளேடிலும் ஹார்னிலும் (கட்டுப்பாட்டுத் தளங்களின் முனைப் பகுதி) மின்சூடு. சூடேற்றுவதற்கு ஃப்ரீக்வென்சி எவ்வளவு என்பது பொருட்டே இல்லை. அதனால்தான் 341 முதல் 488 ஹெர்ட்ஸ் வரை அலையும் ஏசி வைல்டு மின்சாரத்தையே அதற்குக் கொடுத்திருக்கிறார்கள். காரணம் தெரிந்த எண் மறக்காது.

பவர் லீவரை ஃப்ளைட் ஐடிலுக்கு (பறக்கும்போது வைக்கும் மிகக் குறைந்த பவர்) இழுத்தால் விமானம் ஏன் அவ்வளவு சீக்கிரம் வேகம் இழக்கிறது என்பதைத் தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரியை வைத்தே புரிந்துகொள்ளலாம். கீழ் கியரில் போட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிளேடின் கோணம் தட்டையானால் புரொப்பெல்லரும் அப்படித்தான் பிடிக்கும். ஜெட்டில் இருந்து வருகிறவர்களுக்கு இது கையில் படிய நாளாகும்.

ஏடிபிசிஎஸ்ஸுக்கு (டேக்ஆஃப் பவரைத் தானாகக் கவனிக்கும் அமைப்பு) ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். டேக்ஆஃபில் ஒரு இன்ஜின் போனால், மற்றதை 90 சதவீத டார்க்கிலிருந்து (முறுக்குவிசை) 100-க்கு ஏற்றுவதும், டார்க் 18 சதவீதத்துக்குக் கீழே போன இன்ஜினை 2.15 விநாடிக்குப் பின் ஃபெதர் செய்வதும் (பிளேடைக் காற்றோட்டத்துக்கு இணையாகத் திருப்பி இழுவையைக் குறைப்பது) இதன் வேலை. ஓடுபாதையில் ஆர்ம் லைட் (இந்த அமைப்பு தயார் என்று காட்டுவது) எரிகிறதா என்று பார்ப்பது சடங்கு இல்லை. 2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் விழுந்த ஏடிஆர் 72-600-இல் டேக்ஆஃப் ஓட்டத்தின் தொடக்கத்தில் அந்த லைட் எரியவில்லை, இருந்தும் டேக்ஆஃபைத் தொடர்ந்தார்கள். மேலே போனதும் ஆட்டோ ஃபெதர் கோளாறால் இரண்டாவது இன்ஜின் தானாக ஃபெதர் ஆனது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த முதல் இன்ஜினின் பவர் லீவரைக் குறைத்து, கடைசியில் அதையே அணைத்தும்விட்டார்கள். 43 உயிர் போனது.

எனவே செயல்முறையைக் கையால் படியுங்கள். காக்பிட் படத்தை நிஜ அளவில் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். பெடஸ்டல் பகுதியை (இரண்டு சீட்டுக்கும் நடுவே லீவர்கள் உள்ள இடம்) மட்டும் ஒரு ஸ்டூலில் படுக்கவைத்து, உங்கள் சீட்டுக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வையுங்கள். சுவரில் இருந்தால் கை தவறான உயரத்துக்குப் பழகும். தங்கையோ அப்பாவோ செக்லிஸ்ட்டைப் படிக்கட்டும். அர்த்தம் தெரியாதவர் படிப்பதே நல்லது, உங்கள் தவறை மன்னிக்காமல் எழுதியபடியே கேட்பார்கள். ஒவ்வொரு லீவருக்கும் வரிசை இது: தொடு, பெயரையும் எந்தப் பக்க இன்ஜின் என்பதையும் வாய்விட்டுச் சொல், எதிராளி "கன்ஃபர்ம்" சொல்லும்வரை காத்திரு, பிறகு நகர்த்து. 2023 ஜனவரி 15, நேபாளத்தின் போக்கராவில் இறங்கவிருந்த ஏடிஆர் 72-இல் ஃப்ளாப் லீவருக்குப் போக வேண்டிய கை இரண்டு கண்டிஷன் லீவரையும் (புரொப்பெல்லரையும் எரிபொருளையும் கட்டுப்படுத்துபவை) ஃபெதருக்கு இழுத்தது. 72 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஃப்ளாப் கேட்டால் ஃப்ளாப் இண்டிகேட்டரைப் பார்த்த பிறகே பதில் சொல்வதை முதல் நாளிலிருந்தே பழக்குங்கள்.

மெமரி ஐட்டத்தை (செக்லிஸ்ட்டைப் பார்க்காமல் உடனே செய்ய வேண்டியவை) கடிகாரத்தோடு செய்யுங்கள். பறக்கும்போது இன்ஜினில் தீ என்றால், பவர் லீவர் ஃப்ளைட் ஐடில், கண்டிஷன் லீவர் ஃபெதர், பிறகு ஃப்யூயல் ஷட்ஆஃப், ஃபயர் ஹேண்டிலை இழு. அதன்பின் 10 விநாடி கழித்து முதல் தீயணைப்புப் பாட்டில். 30 விநாடிக்குப் பிறகும் தீ இருந்தால் இரண்டாவது. வீட்டில் பயில்கிறவர்கள் இந்த 10 விநாடியை "பத்து" என்று ஒரு வார்த்தையில் தாண்டிவிடுகிறார்கள். அது நசெல்லுக்குள் (இன்ஜின் கூடு) காற்றோட்டம் குறைந்து மருந்து தங்குவதற்கான நேரம். உண்மையாகவே பத்து எண்ணுங்கள். சிம்மில் அந்தப் பத்து விநாடி மிக நீளமாகத் தெரியும், அவசரப்பட்டு அமுக்கத் தோன்றும்.

ஒரு நாளைக்கு ஒரு சிஸ்டம், ஒரு நார்மல் ஃப்ளோ (வழக்கமான செயல் வரிசை), ஒரு அப்நார்மல் (கோளாறுக்கான செயல்முறை) போதும். மறுநாள் காலை, புதியதைத் தொடுவதற்கு முன் நேற்றைய சார்ட்டை வெற்றுத் தாளில் திரும்ப வரையுங்கள். எந்தக் கோடு வரவில்லையோ அந்தப் பகுதியை மட்டும் மேனுவலில் திறந்தால் போதும்.

சிம் பெங்களூரில் என்றால் முந்தின நாள் மத்தியானமே கிளம்பிவிடுங்கள். ஓசூர் தாண்டி அத்திப்பள்ளியில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு நேராக பிரீஃபிங்குக்குப் போனால், படித்தது ஞாபகத்துக்கு வராது.