கிரீன் எல்லாம் பச்சை அல்ல: ஊட்டியில் தவிர்க்க வேண்டிய ஆங்கிலத் தவறுகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் டிரைவர், கைடு, கடைக்காரர் எல்லோரும் ஓரளவு ஆங்கிலம் பேசிச் சமாளித்துவிடுகிறார்கள். ஆனால் 'கிரீன்' என்ற சொல்லில் பலரும் சறுக்குகிறார்கள்.

பெரிய குழப்பம் தேயிலையில்தான். பறித்த கொழுந்துக்கு ஆங்கிலத்தில் 'கிரீன் லீஃப்' என்று பெயர். 'கிரீன் டீ' வேறு. கொழுந்தைப் பறித்த கொஞ்ச நேரத்திலேயே ஆவியிலோ சூடான சட்டியிலோ வாட்டி, நிறம் மாறவிடாமல் காயவைத்தால் அது கிரீன் டீ. அதே கொழுந்தை வதங்கவிட்டு, நசுக்கி, காற்றுப் பட்டுப் பழுப்பேறிய பிறகு காயவைத்தால் பிளாக் டீ. இரண்டுக்கும் செடி ஒன்றுதான். கிரீன் டீக்குத் தனிச் செடி இருக்கிறது என்று வருபவர்களிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள். தேயிலை விளையும் ஊரிலிருந்தே தப்பான தகவல் போகக் கூடாது. பிளாக் டீ பாக்கெட் கேட்பவரும் பால் இல்லாத டீயைக் கேட்கவில்லை, தூளின் வகையைச் சொல்கிறார்.

அப்புறம் சாப்பாட்டுக் கடை. பச்சைத் தண்ணீர், பச்சை முட்டை, பச்சரிசி எதற்கும் 'கிரீன்' போடக் கூடாது. முட்டைக்கும் அரிசிக்கும் 'ரா' என்று சொல்லுங்கள். 'கிரீன் வாட்டர்' என்றால் பாசி பிடித்த தண்ணீரோ என்று கேட்பவர் பயந்துவிடுவார். மாங்காய்க்கு 'கிரீன் மாங்கோ' சரி. ஈரம் காயாத விறகையும் 'கிரீன் வுட்' என்றே சொல்லலாம். 'கிரீன்ஸ்' என்று கேட்டால் கீரை வகை.

டிரைவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, பின்சீட்டிலிருந்து "ஷீ லுக்ஸ் கிரீன்" என்று குரல் வந்தால் உடனே ஓரங்கட்டுங்கள். அந்தம்மாவுக்குக் குமட்டுகிறது என்று அர்த்தம். 'கிரீன் வித் என்வி' என்றால் மட்டும் பொறாமை.

"தி கைட் வாஸ் எ பிட் கிரீன்" என்று ஒருவர் எழுதிவிட்டுப் போனால் அது பாராட்டு இல்லை, கைடுக்கு அனுபவம் பத்தாது என்கிறார். தாவரவியல் பூங்காத் தோட்டக்காரரைக் காட்டி 'கிரீன் ஃபிங்கர்ஸ்' என்றால் தாராளமாகச் சந்தோஷப்படலாம்: நட்டதெல்லாம் துளிர்க்கும் கைராசி அவருக்கு என்று பொருள். அமெரிக்கர்கள் இதையே 'கிரீன் தம்ப்' என்பார்கள். அனுமதி கிடைத்ததை நாம் 'கிரீன் சிக்னல்' என்கிறோம். வெளிநாட்டவர் பேச்சில் அது 'கிரீன் லைட்'.