ட்சுரேகி சுடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த ஆண்டு ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று காலை என் சமையலறையில் மூன்று பேர் மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள். மூவரும் ட்சுரேகிக்குப் புதியவர்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, மூன்று கைகளும் ஒன்றன்பின் ஒன்றாக மாவுப் பையை நோக்கி நீண்டன. கிரேக்க நகரமான தெசலோனிக்கிக்குக் குடிவந்த புதிதில் என் கையும் அப்படித்தான் நீண்டது. அன்றிரவே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கிரேக்கர்கள் பாஸ்கா (ஈஸ்டர்) பெருவிழாவுக்குச் சுடும் இனிப்பு ரொட்டிதான் ட்சுரேகி. மூன்று புரியாகச் சடை பின்னி, சிவப்புச் சாயம் ஏற்றிய முட்டை ஒன்றை அதில் பதிப்பார்கள். பெயர் துருக்கியரின் ‘சோரெக்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. மணத்துக்கு முக்கியமானவை இரண்டு: காட்டுச் செர்ரி வகை ஒன்றின் கொட்டையை உடைத்து எடுக்கும் மஹ்லெபி என்ற பருப்பு, கியோஸ் தீவின் மரப்பிசினான மஸ்திகா. பல வீடுகளில் ஏலக்காயும் சேரும்.

உப்பை மறப்பது, காலாவதியான ஈஸ்ட்டைப் போடுவது போன்றவற்றைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை பட்டால் தானாகத் திருந்திவிடும் தவறுகள் அவை.

ஒட்டுகிறதே என்று மாவு சேர்ப்பது

திருந்தாத தவறு இது. நல்ல வெண்ணெய், முட்டை, விலை கூடிய மஸ்திகா எல்லாம் ஒரே பிடி மாவில் வீணாவதைப் பார்க்கும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

என் அளவைச் சொல்கிறேன். புரதம் மிகுந்த ரொட்டி மாவு 1 கிலோ, சர்க்கரை 300 கிராம், வெண்ணெய் 200 கிராம், முட்டை 5, பால் 300 மில்லி. இவ்வளவு சர்க்கரை கரையும்போது பாகுபோல ஆகி மாவைத் தளர்த்தும். சர்க்கரையும் கொழுப்பும் மாவில் இழுவை உண்டாவதையும் தாமதப்படுத்தும். ஆகவே முதல் அரைமணி நேரம் அது கையில் ஒட்டியே தீரும். ஒட்டுவதுதான் சரி. அந்த நேரத்தில் ‘பதம் தளர்ந்துவிட்டது’ என்று நினைத்து ஒரு பிடி போடுகிறோம். மீண்டும் ஒட்டுகிறது, இன்னொரு பிடி. மாவு கைக்கு அடக்கமாக உருண்டு வரும்போது ரொட்டி கெட்டுப்போயிருக்கும்.

கெட்டது உடனே தெரியாது என்பதுதான் இதில் பெரிய கொடுமை. ட்சுரேகியை வழக்கமாகப் பெரிய வியாழனன்று சுடுவார்கள். முட்டைக்குச் சாயம் ஏற்றுவதும் அன்றுதான். ஆனால் தவக்கால நோன்பில் முட்டை, பால், வெண்ணெய் எதுவும் கூடாது. சுட்டவரே ஒரு விள்ளல் வாயில் போட முடியாது. சனிக்கிழமை நள்ளிரவில் உயிர்ப்பு அறிவிக்கப்பட்ட பிறகுதான் ரொட்டி பிய்க்கப்படும். மாவு கூடிப்போன ரொட்டி அதற்குள் உலர்ந்திருக்கும்.

முதல் ஆண்டில் நான் கால் கிலோவுக்குக் குறையாமல் கூடுதலாகச் சேர்த்திருப்பேன். ஆறு ரொட்டிகள் சுட்டேன். பார்க்க அழகாக, பொன்னிறமாக இருந்தன. மாடிவீட்டுப் பாட்டி தன் ஞானப்பிள்ளைக்குப் பாஸ்கா மெழுகுவர்த்தியோடு கொடுப்பதற்கென்று ஒன்றை வாங்கிப்போனார். கோவிலிலிருந்து திரும்பிய இரவில் அவர் வீட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். ‘கிறிஸ்தோஸ் அனெஸ்தி’ (கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்) என்று சொல்லி முட்டையோடு முட்டை மோதி உடைத்தோம். பிறகு பாட்டி ரொட்டியின் இரண்டு முனைகளையும் பிடித்து இழுத்தார். நல்ல ட்சுரேகி அப்போது பலாச்சுளையை உரிப்பதுபோல நார்நாராகப் பிரிய வேண்டும். என்னுடையது பொலபொலவென்று உதிர்ந்து மேசைத் துணியெல்லாம் துகளானது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. துகள்களை உள்ளங்கையில் கூட்டி எடுத்துப் பாலில் போட்டுச் சாப்பிட்டார். மறுநாள் காலை கதவைத் தட்டி, ‘மகளே, எவ்வளவு மாவு போட்டாய்?’ என்று மட்டும் கேட்டார்.

அவர் காட்டிய வழி இதுதான். ஒட்டினால் உள்ளங்கையில் உருக்கிய வெண்ணெயைச் சிறிது தடவிக்கொள்ளுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் மூடிவைத்து இருபது நிமிடம் விட்டுவிடுங்கள். மாவு ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். வெண்ணெயைத் தொடக்கத்தில் கொட்டாமல், இழுவை வந்தபிறகு சிறிது சிறிதாகச் சேருங்கள். ஒரு துண்டைக் கிள்ளி விரித்தால் கிழியாமல், வெளிச்சம் தெரியும் ஜவ்வாக நீள வேண்டும். அதுவரை பிசைய வேண்டும், அவ்வளவுதான்.

அந்த மூவரிடமிருந்து மாவுப் பையை வாங்கிப் பால்கனியில் வைத்துக் கதவைச் சாத்தினேன். முக்கால் மணி நேரம் கழித்து மூன்று பாத்திரங்களிலும் மாவு ஓரத்தை விட்டு மினுமினுப்பாகத் திரண்டு வந்தது.

மஸ்திகாவை நேரே உரலில் போடுவது

கியோஸின் தென்பகுதிக் கிராமங்களில் கோடையில் மரப்பட்டையைக் கீறி, அடியில் வெண்மண் பரப்பி வைப்பார்கள். சொட்டி இறுகும் பிசினைப் பொறுக்கி, ஒவ்வொரு துளியாகக் கையால் சுத்தம் செய்வார்கள். இவ்வளவு உழைப்பில் வந்த பொருளை இடிக்கும் சூட்டில் உலக்கையோடு ஒட்டவிடாதீர்கள். ஃப்ரீசரில் கால்மணி நேரம் வைத்து, ஒரு கரண்டி சர்க்கரையோடு சேர்த்து இடித்தால் மாவாகப் பொடியும். ஒரு கிலோ மாவுக்கு 2 கிராம் போதும், கூடினால் கசக்கும்.

பொடித்து விற்கும் மஹ்லெபி

வேண்டாம். முழுப் பருப்பாக வாங்கி அன்றே பொடியுங்கள்.

சுடச்சுட வெண்ணெய்

ஈஸ்ட் செத்துவிடும்.

எழும்ப விடாமல் அவசரப்படுவது

சர்க்கரை ஈஸ்ட்டிடமிருந்தும் ஈரத்தைப் பிடுங்கிக்கொள்வதால் இந்த மாவு மெதுவாகத்தான் எழும்பும். முதல் முறை இரண்டு மூன்று மணி நேரம், பின்னிய பிறகு இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். இரண்டாவதைக் குறைத்தால் ஓவனில் புரிகள் பக்கவாட்டில் கிழியும். பிள்ளைகளுக்குத் தலை பின்னுவதுபோல இறுக்கிப் பின்னினாலும் கிழியும், தளரப் பின்னுங்கள்.

முட்டையின்மேல் தூரிகை படுவது

பளபளப்புக்குப் பூசும் முட்டைக் கலவை சிவப்பு முட்டையில் பட்டால் சாயம் ரொட்டியில் இறங்கிவிடும்.

நிறத்தை நம்பி எடுத்துவிடுவது

சர்க்கரையும் முட்டையும் இருப்பதால் மேற்புறம் சீக்கிரமே சிவந்துவிடும், நடுவில் மாவு வெந்திருக்காது. 170 டிகிரியில் வையுங்கள். நிறம் வந்ததும் அலுமினியத் தாளால் மூடித் தொடருங்கள். நடுவில் குத்திய வெப்பமானி 90ஐத் தொட்டதும் எடுக்கலாம்.

கத்தி

எதற்கு? கையால் பிய்ப்பதற்குத்தான் இவ்வளவு நேரம் பிசைந்தோம்.